கோல்மாரா, குண்டாசாங்கா, லெம்பாங்கா? ஐரோப்பா வாசம் தேடும் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். இடம் குளுகுளுவென்று இருக்க வேண்டும், பிள்ளைகள் ஆடு மாட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும், படம் எடுத்தால் வெளிநாடு மாதிரி தெரிய வேண்டும், பாட்டி தாத்தாவுக்கும் நடக்க முடிய வேண்டும். கோலாலம்பூரில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்குக் கடைசியில் மூன்று பெயர்கள்தான் மிஞ்சும். பகாங்கில் புக்கிட் திங்கி மலைமேல் இருக்கும் கோல்மார் ட்ரொப்பிக்கால், சபாவில் கினாபாலு மலையடியில் குண்டாசாங்கின் டேசா பால்பண்ணை, ஜாவாவில் பாண்டுங் நகருக்கு மேலே லெம்பாங்கின் ஃபார்ம்ஹவுஸ். ஜொகூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் குளுவாங் யூகே ஃபார்மையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்.

நான் இவற்றை எடைபோடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான். அங்கே இருக்கிற ஆடு மாட்டுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா? பால் கறக்கிற மாடு இருந்தால் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. கன்றுக்குத் தீனி வைக்க ஒரு நேரம், கறக்க ஒரு நேரம். நாமும் அந்த நேரத்துக்குக் காத்திருப்போம், நடை தானாகவே நிதானப்படும். ஆடு மாடு படத்துக்கு நிற்க மட்டும்தான் என்றால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் பிள்ளைகள் கைப்பேசி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆற அமர ஒரு நாளைக் கழிக்கத்தானே போகிறோம்?

கோல்மார்: தெரு அழகு, தொழுவம் இல்லை

இருப்பதிலேயே பக்கம் இதுதான். கோலாலம்பூரில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா சுரங்கத்தைத் தாண்டி, புக்கிட் திங்கியில் திரும்பி, வளைந்து வளைந்து ஏற வேண்டும். வீட்டிலேயே பசியாறிவிட்டு மெதுவாகக் கிளம்பினாலும் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். விமானச் சீட்டு வேண்டாம், விடுதி வேண்டாம், மாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனாலும் பயமில்லை. இந்த வசதிக்காகவே பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை.

பெர்ஜாயா நிறுவனம் கட்டிய மலைவாசத் தலம் இது. பிரான்ஸின் கிழக்கோரத்தில், ஜெர்மனியை ஒட்டிக் கிடக்கும் அல்சாஸ் வட்டாரத்தில் கோல்மார் என்று ஒரு நகரம் இருக்கிறது. நியூயார்க் சுதந்திர தேவி சிலையை வடித்த பர்தோல்டி பிறந்த ஊர். அதைச் சுற்றி ரிக்விர் மாதிரி திராட்சைத் தோட்ட ஊர்கள். அந்த ஊர்களின் தெருவைப் பார்த்துக் கட்டியதுதான் நம் கோல்மார். கல் பதித்த தரை, மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சுவர்கள், கூரான கூரைகள், நுழைவாயிலில் ஒரு குளம், தெருக்கோடியில் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். கீழே கடைகளும் உணவகங்களும், மேலே விடுதி அறைகள்.

அல்சாஸ் வீடுகளின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் மரச்சட்டங்கள் அழகுக்காக வைத்தவை இல்லை. வீட்டையே தாங்குபவை அவைதான். சட்டங்களுக்கு இடையில் சுள்ளியைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசி அடைப்பார்கள். நம் ஊர்க் கோல்மாரில் சுமையெல்லாம் கான்கிரீட் தலையில். சட்டங்கள் பொட்டு வைத்த மாதிரி. தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. மழை பெய்து, மலையில் இருந்து மூடுபனி தெருவுக்குள் இறங்கும்போது இன்னும் அழகு. அந்தப் பத்து நிமிடத்துக்குக் குடை பிடித்துக் காத்திருக்கலாம்.

‘போலிக் கிராமம்’ என்று இதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. போலிக் கிராமம் கட்டுகிற பழக்கமே ஐரோப்பாவில் இருந்து வந்ததுதான். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் 1783-இல் மரி அந்துவானெத் அரசிக்காக ரிஷார் மீக் என்ற கட்டடக் கலைஞர் ஒரு நாட்டுப்புறக் கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். கூரை வேய்ந்த குடிசைகள், ஏரி, ஓர் ஆலைச் சக்கரம். புதுச்சுவர் பழசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக விரிசல்களைக்கூட வர்ணத்தில் வரைந்தார்கள். ஆனால் பக்கத்தில் போட்ட பண்ணை மட்டும் நிஜம். மாடு, ஆடு, கோழி எல்லாம் இருந்தன. பாலும் முட்டையும் அரண்மனைச் சமையலறைக்குப் போயின. அசல் கோல்மாருக்குத் தெற்கே உங்கர்ஷைம் என்ற ஊரில் 1984-இல் திறந்த ஓர் அருங்காட்சியகக் கிராமமும் உண்டு. இடிபடவிருந்த பழைய மரச்சட்ட வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். வீடுகளோடு பண்ணை விலங்குகளையும் வளர்க்கிறார்கள். கூரைமேல் நாரைகள் கூடு கட்டி வாழ்கின்றன.

நம் கோல்மாரில் விடுபட்டுப் போனது இந்தப் பண்ணைதான். குளத்தில் அன்னங்கள் நீந்துகின்றன. பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பறவையைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டலாம், அதுவும் நல்லதுதான். முயல் பார்க்கவும் குதிரை ஏறவும் தெருவை விட்டுத் தள்ளித் தனி இடங்கள் உண்டு. முயலுக்குக் காரட் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் தெருவுக்கும் அந்த முயலுக்கும் சம்பந்தமே இல்லை. அல்சாஸ் கிராமத்தில் எந்த வீட்டுப் பின்கட்டில் எந்த மாடு நின்றது, திராட்சைத் தோட்டத்தில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று காட்ட ஒன்றும் இல்லை. அதனால் தெருவை ஒரு சுற்று, கோபுரத்தில் ஒரு படம், காப்பி, முயல், மேலே அதே தலத்தில் இருக்கும் ஜப்பானியக் கிராமத்தில் ஒரு நடை, அவ்வளவுதான். ஜப்பானியக் கிராமத்தில் உயர்ந்த மரங்களுக்கு நடுவே ஓடை சலசலக்கும். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் பிரெஞ்சுத் தெருவைவிட அதுதான் பிடிக்கிறது. எனக்கும் அப்படித்தான்.

ஒரு வழி இருக்கிறது. பகல் கூட்டம் இறங்கிப்போன பிறகுதான் அந்தத் தெரு தெருவாகத் தெரியும். வார நாளில் ஓர் இரவு தங்க முடிந்தால் தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

குளுவாங் யூகே ஃபார்மை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். பெயரில் யூகே இருந்தாலும் உள்ளே இங்கிலாந்தைத் தேடாதீர்கள். அது ஆட்டுப்பண்ணை. வழிகாட்டியோடு வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். ஆட்டுக்கும் செம்மறிக்கும் தீனி கொடுக்கலாம், நெருப்புக்கோழி பார்க்கலாம். குளிர் கிடையாது, குளுவாங் வெயில்தான். ஐரோப்பா வேண்டாம், பிள்ளைகள் ஆட்டோடு விளையாடினால் போதும் என்பவர்களுக்கு, அதுவும் தெற்கே இருப்பவர்களுக்கு, பணத்துக்கு வஞ்சனை இல்லாத இடம். திரும்பும் வழியில் குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடை இருக்கவே இருக்கிறது.

குண்டாசாங்: வேஷம் இல்லாத மாடு

கோத்தா கினாபாலுவில் இருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குண்டாசாங் சந்தையைத் தாண்டி மெசிலாவ் பக்கம் ஏறினால் சட்டென்று காடு விலகி, பச்சைச் சரிவில் கறுப்பு வெள்ளை மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். பின்னால் 4,095 மீட்டர் கினாபாலு. ‘குட்டி நியூசிலாந்து’ என்கிறார்கள். சிலர் ‘குட்டி சுவிட்சர்லாந்து’ என்றும் எழுதுகிறார்கள். பண்ணை எந்த நாட்டு வேஷமும் போடவில்லை. மரச்சட்டச் சுவர் இல்லை, காற்றாலை பொம்மை இல்லை. சுமார் 199 ஹெக்டேரில் நடக்கிற பால்பண்ணை. அங்கே கறந்த பால் சபா முழுக்கக் கடைகளில் விற்கிறது.

இருந்தாலும் இந்தப் பட்டியலில் ஐரோப்பா நிஜமாகவே இருக்கிற இடங்களில் இதுவும் ஒன்று. அது இருப்பது மாட்டில். அந்தக் கறுப்பு வெள்ளை ஃபிரீசியன் மாட்டின் பூர்வீகம் நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் ஃபிரீஸ்லாந்து. குளிருக்குப் பழகிய இனம். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே மூச்சு வாங்கும், தீனியைக் குறைக்கும், பால் இறங்கிவிடும். நம் பக்கத்து நாடுகளில் இந்த மாட்டை நம்பி நடக்கும் பண்ணைகளைக் குண்டாசாங், லெம்பாங் என்று உயரமான ஊர்களில் அதிகம் பார்ப்பது இதனால்தான். ‘ஐரோப்பா மாதிரி இருக்கிறதே’ என்று நாம் ரசிக்கிற குளிரும் புல்லும் பெரும்பாலும் அந்த மாட்டின் வசதிக்காகத் தேடிப்போன குளிரும் புல்லும்தான்.

இங்கே என்ன செய்யலாம்? கன்றுக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம். ஆட்டுக்குப் புல் கொடுக்கலாம். பிற்பகலில் கறவைக் கூடத்தில் இயந்திரம் வைத்துக் கறப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அப்புறம் பால், தயிர், ஐஸ்கிரீம். இவ்வளவுதான் என்று தோன்றும். எங்கள் வீட்டில் அதிக நேரம் நின்றது கன்றுக்குட்டிப் பக்கம்தான், காரணம் என் அம்மா. தோட்டப்புறத்தில் மாட்டுக்கு நடுவே வளர்ந்தவர். பேரன் புட்டியைத் தலைக்குமேல் தூக்கியதும் பொறுக்கவில்லை.

“டேய் தம்பி, ரொம்பத் தூக்காதடா. மடி இருக்கிற உயரத்துல புடி. புரை ஏறிடும்.”

“இது முட்டுது பாட்டி!”

“முட்டட்டும். பால் இன்னும் இறங்கலையேன்னு ஆத்தாகிட்ட கேக்குது. அது வழக்கம். நீ கையை விட்டுறாத.”

அம்மா சொன்னதில் மாட்டு வைத்தியமும் அடங்கியிருக்கிறது. கன்று கழுத்தை நீட்டிச் சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் அடியில் ஒரு மடிப்பு மூடிக்கொண்டு குழாய் மாதிரி ஆகிவிடும். பால் முதல் இரைப்பைக்குள் விழாமல் நேராகச் செரிக்கிற இரைப்பைக்குப் போய்ச் சேரும். புட்டியை மடி உயரத்தில் பிடித்தால் கழுத்து சரியாக நீளும். அளவுக்கு மீறித் தூக்கினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்புண்டு. இதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. மாட்டோடு வாழ்ந்த ஒருவர் கூட இருந்தால் ஒரு சாதாரணப் பண்ணையும் பேச ஆரம்பித்துவிடுகிறது. வீட்டில் அப்படிப்பட்ட பெரியவர் இருந்தால் கோல்மாருக்குக் கூட்டிப் போய் உட்கார வைக்காதீர்கள், இங்கே கூட்டி வாருங்கள்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தமிழர்களுக்கு மாட்டுக் கிராமம் புதிதில்லை. பினாங்கு குளுகோரில் கம்போங் புவா பாலா என்ற தமிழ்க் கிராமம் இருந்தது. வீட்டுக்கு வீடு மாடு, ஆடு, மரநிழல். மாடுகள் திரிகிற அந்த இடத்துக்கு ஊரார் ‘ஹை சப்பரால்’ என்று ஒரு கௌபாய்ப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். வீடமைப்புத் திட்டத்துக்காக 2009-இல் இடித்துத் தள்ளினார்கள். இப்போது கட்டணம் கட்டி மாடு பார்க்கப் போகிறோம். சரி, விடுங்கள்.

குண்டாசாங்கின் குறை வானிலை. காலையில் மலை முழுசாகத் தெரியும், பகல் ஏறினால் மேகம் வந்து மூடிவிடும். கறவை பார்க்கப் பிற்பகல் வேண்டும், மலை பார்க்கக் காலை வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் கோத்தா கினாபாலுவில் இருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் சரிவராது. குண்டாசாங்கிலேயே இரவு தங்க வேண்டும். இடைப்பட்ட நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போர் நினைவிடத்தைச் சொல்வேன். 1945-இல் சண்டாக்கானில் இருந்து ரானாவ் வரை ஜப்பானியர்கள் நடத்திய மரண அணிவகுப்புகளின் நினைவாக 1962-இல் அமைத்தது. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள் சுமார் 2,400 பேரில் உயிர் தப்பியவர்கள் 6 பேர், அறுவரும் ஆஸ்திரேலியர்கள். அங்கே ரோஜாச் செடிகளோடு ஓர் ஆங்கிலேயத் தோட்டம் இருக்கிறது. விளையாட்டுக்குப் போட்ட தோட்டம் இல்லை அது. பெரிய பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

லெம்பாங்: பொம்மை வீட்டுக்குப் பின்னால் பெரிய கதை

ஃபார்ம்ஹவுஸ் லெம்பாங் வெளியே இருந்து பார்த்தால் மூன்றிலும் மலிவான நாடகம். 2015-இன் கடைசியில் திறந்த இடம். பாண்டுங்கில் இருந்து லெம்பாங் ஏறும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. ஐரோப்பியக் கிராமம் மாதிரி முகப்புகள், வட்டக் கதவு வைத்த ஒரு குள்ளர் வீடு, காதலர்கள் பூட்டு மாட்டுகிற வேலி, முயல், செம்மறி, சின்னச் சின்ன விலங்குகள். டச்சுப் பால்காரப் பெண்கள் மாதிரி நீண்ட பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் வாடகைக்குக் கிடைக்கும். நேரக் கணக்குப் போட்டுத்தான் கொடுப்பார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் டச்சுக்காரர்களோடு மல்லுக்கு நின்ற நாட்டில், கொள்ளுப்பேத்திகள் அந்த உடையைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கலாம். எனக்கு அவர்கள் டச்சுக்காரர்களை வேடிக்கைப் பொருளாக்கிவிட்ட மாதிரிதான் தெரிகிறது.

ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டைக் கொடுத்து ஒரு கோப்பை பால் வாங்கிக்கொள்ளலாம். சுற்றுலாத் தந்திரம்தான். ஆனால் அந்தப் பாலுக்குப் பின்னால் ஒரு ஊரே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லெம்பாங்கில் உர்சோனே என்ற இத்தாலியக் குடும்பம் பால்பண்ணை நடத்தியது. பாண்டுங்கின் டச்சுக்காரர்களுக்குப் பாலும் வெண்ணெயும் வேண்டியிருந்தன, மலையில் குளிரும் புல்லும் இருந்தன, ஃபிரீசியன் மாடு கப்பலேறி வந்தது. டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள், மாடு இருந்துவிட்டது. 1971-இல் வடபாண்டுங் பசு வளர்ப்போர் கூட்டுறவு தொடங்கியது. இன்றைக்கும் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கிற சிறு குடும்பங்கள் பாலைக் கறந்து, கேனில் ஊற்றி, மோட்டார் சைக்கிளில் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகின்றன, காலையும் பிற்பகலும். சுற்றுலாப் பேருந்துக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கிற மோட்டார் சைக்கிளில், சீட்டுக்குப் பின்னால் புல்கட்டு அந்த மனிதரையே மறைக்கிற அளவு இருக்கும். இந்தோனேசியாவில் 1990-இல் ஒழிந்துவிட்டதாகச் சொன்ன கோமாரி நோய் 2022-இல் திரும்பி வந்தபோது அடி விழுந்தது இந்தக் குடும்பங்களுக்குத்தான்.

அதாவது, கோல்மாரில் கட்டடம் நன்றாக இருக்கிறது, கதை இல்லை. லெம்பாங்கில் கட்டடம் பொம்மை, கதை நிஜம். ஃபார்ம்ஹவுஸை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பொம்மையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தை ஊருக்குக் கொடுங்கள். பக்கத்திலேயே 1923-இல் கட்டத் தொடங்கிய பொஸ்கா வானாய்வகம் இருக்கிறது. பணம் கொடுத்தவர் கே. ஏ. ஆர். பொஸ்கா என்ற டச்சுத் தேயிலைத் தோட்டக்காரர். அவர் நிர்வகித்த தோட்டத்தின் பெயர் மலபார்! உள்ளே போக முன்பதிவு தேவை, ஆனால் அந்த வெள்ளிக்கிண்ணக் கூரையை வெளியே நின்று பார்ப்பதே ஒரு நிறைவு. ஜாவாவில் சின்கோனா மரம் வளர்த்து மலேரியா மருந்துக்கு வழி செய்தவர்களில் ஒருவரான யுங்ஹூன் 1864-இல் இறந்ததும் லெம்பாங்கில்தான், கல்லறையும் இங்கேயே.

ஒரே ஒரு எச்சரிக்கை. உள்ளே பிள்ளைகள் முயலைத் தடவிக்கொடுத்துவிட்டு வெளியே வருவார்கள். வெளியே சாலையோரம் நெடுக ‘சாத்தே கெலிஞ்சி’ என்று பலகை தொங்கும். முயல் கறியைக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டித் தருவார்கள், லெம்பாங்கின் பேர்போன பலகாரம். மலாய் தெரிந்த நம் பிள்ளைகளிடம் அதை மறைக்க முடியாது, மலாயில் முயல் ‘அர்னாப்’ ஆயிற்றே, இது ‘கெலிஞ்சி’ என்று நாலு வயதுக்காரனை வேண்டுமானால் சமாளிக்கலாம். முயலுக்கு லெம்பாங்கில் இரண்டு வேலை என்று பெரிய பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுவதே மேல்.

காசு, சாப்பாடு, கால்

செலவு என்று பார்த்தால் கோல்மாருக்கு ஈடில்லை. பெட்ரோல், டோல், நுழைவுக் கட்டணம், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். உள்ளே சாப்பாடு சற்று விலைதான். பலர் கீழே இறங்கி பெந்தோங்கில் சாப்பிடுகிறார்கள். குண்டாசாங்கில் பண்ணைக் கட்டணம் சில வெள்ளிதான், ஆனால் கோத்தா கினாபாலு வரை இரண்டரை மணி நேர விமானம், அப்புறம் வாடகைக் கார், ஓர் இரவு விடுதி. தீபகற்பத்தில் இருந்து போகிறவர்களுக்கும் சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு, மைகாட் அடையாள அட்டையை மறந்துவிட்டு விமான நிலையத்தில் முழிக்க வேண்டாம்.

லெம்பாங்குக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. ஜாக்கார்த்தாவில் இறங்கினால், 2023 அக்டோபரில் ஓட ஆரம்பித்த அதிவேக ரயில் ஜாக்கார்த்தாவின் ஹாலிம் நிலையத்தில் இருந்து பாண்டுங் பக்கத்துப் பாடலாராங் நிலையத்துக்கு அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் விமான நிலையத்தில் இருந்து ஹாலிமுக்கு ஜாக்கார்த்தா நெரிசலைக் கடக்க வேண்டும், பாடலாராங்கில் இருந்து லெம்பாங்குக்கு மலைச்சாலை நெரிசலைக் கடக்க வேண்டும். சனி ஞாயிறுகளில் ஜாக்கார்த்தாவே பாண்டுங்குக்கு ஏறி வந்துவிடும். இருபது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நான் நினைத்ததற்கு நேர்மாறாக லெம்பாங்தான் சுகம். டோஃபு, தெம்பே, பச்சைக் காய்கறியில் வேர்க்கடலைச் சாந்து போட்டுப் பிசைகிற கரெடோக், நெருப்பில் சுட்ட ஒட்டரிசி என்று நாள் முழுக்கச் சமாளிக்கலாம். சாந்தில் இறால் விழுது சேர்க்க வேண்டாம் என்று ‘தெராசி’ என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பால் சேர்த்துச் செய்கிற லெம்பாங் டோஃபு சூடாக வாங்கினால் கை நிற்காது. குண்டாசாங்கில் சாலையெங்கும் முட்டைக்கோசும் தக்காளியும் குவிந்து கிடக்கும், உணவகத்தில் மீனும் கோழியும்தான் முன்னால் வரும். அங்கே நம்மவர் கடைகளை எதிர்பார்த்துப் போகக் கூடாது. பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துப் போகிறவர்கள் கெட்டுப்போக மாட்டார்கள்.

முட்டிவலிக்காரர்களுக்குக் கோல்மாரின் கல் பதித்த தரை மழையில் வழுக்கும், கோபுரத்தில் படிகள் அதிகம். குண்டாசாங்கில் பண்ணை வாசல்வரை கார் போகும், அதற்குமேல் லேசான ஏற்றம்தான். லெம்பாங் ஃபார்ம்ஹவுஸில் நெருக்கம்தான் தொல்லை, நடை குறைவு.

சக்கரத் தொட்டிலில் குழந்தை, ஒரு நாள்தான் விடுப்பு என்றால் நான் கோல்மாரையே சொல்வேன், வார நாளில். மாடு தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வருகிறார் என்றால் குண்டாசாங், யோசிக்கவே வேண்டாம். பிள்ளைகள் கேள்வி கேட்கிற வயது, உங்களுக்கும் பதில் தேடுகிற பொறுமை இருக்கிறது என்றால் லெம்பாங். என் ஓட்டு லெம்பாங்குக்குத்தான். லெம்பாங்கிலேயே அறை எடுத்து, செவ்வாயோ புதனோ காலையில் கதவு திறந்ததும் ஃபார்ம்ஹவுஸுக்குள் போய்விடுங்கள், பேருந்துகள் வருவதற்குள் வெளியே வந்துவிடலாம். பால் கவுண்டரில் ஸ்ட்ராபெரி, சாக்லேட் எல்லாம் நீட்டுவார்கள். வெறும் பால் இருந்தால் அதைக் கேளுங்கள்.